கம்பும் கன்றும் கேட்டு வருபவர்களுக்கு: எங்கள் செடிக் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே வசிக்கும் நான், இன்னும் இரண்டு பேரின் துணையோடு, வீட்டுத் தோட்டச் செடிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவை 2018ஆம் ஆண்டு முதல் கவனித்து வருகிறேன். புதிதாகச் சேருபவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரே பதிலைத் தொலைபேசியில் பலமுறை சொல்லும்போது அவசரத்தில் ஏதாவது விடுபட்டுப்போகிறது. விடுபட்டது சில வேளைகளில் மனக்கசப்பில் முடிந்திருக்கிறது. ஆகவே கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன்.

இது செடி விக்கிற குழுவா? எப்பிடித் தொடங்குனிய?

இங்கே விற்பனை கிடையாது. வேண்டியவர் கேட்பார், இருப்பவர் கொடுப்பார், காசு கைமாறாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தின் மீது வீசியபோது, ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்ததை எல்லோரும் அறிவார்கள். என் வீட்டுக் கிணற்றடியில் நின்ற ஈரப்பலாவும் அன்று வேரோடு விழுந்தது. நாங்கள் சீமைச்சக்கை என்று அழைக்கும் அந்த மரத்தில் என் மாமியார் ஆண்டுதோறும் காய் பறித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துவந்தார். இங்கே வளரும் ஈரப்பலாவில் விதை இருக்காது. வேரிலிருந்து முளைக்கும் கன்றையோ வேர்த்துண்டையோ ஒருவர் எடுத்துத் தந்தால்தான் இன்னொரு மரம் உண்டாகும். எங்கள் மரத்தின் வேரைச் சேமிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது, மரம் விறகாகி, குழியும் மூடப்பட்டிருந்தது.

தெரிந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் செய்தி அனுப்பி, யாரிடமாவது கன்று உண்டா என்று கேட்டேன். அந்தச் செய்தி கைமாறிக் கைமாறி அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டும் ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தது. "கன்னு இருக்கு. காலையில வேலை, மதியத்துக்கு மேல வாங்க" என்று மட்டும் பதில் வந்தது. அவர் கொடுத்த கன்றை 2018 ஆனி மழையில் நட்டேன். ஐந்தாம் ஆண்டில் காய்த்தது. அந்தக் கன்றுக்காக யார் யாருக்குச் செய்தி போனதோ அவர்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்ததுதான் இந்தக் குழு.

எனக்க கையில குடுக்க ஒண்ணும் இல்ல. சும்மா கேக்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தவர்கள். வாடகை வீட்டில், சிமென்ட் முற்றத்தில், நான்கு சட்டிகளுக்கு மட்டுமே இடம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். வாங்கியதற்கு ஈடாக உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்கிறோம். நீங்கள் வாங்கிச் சென்ற செடி வளர்ந்து கம்பு வெட்டும் நிலைக்கு வந்தபின் வேறொருவர் கேட்டால், மறுக்காமல் கொடுங்கள். கொடுத்தவருக்கே திருப்பித் தர வேண்டிய அவசியமில்லை. அவரிடம் ஏற்கெனவே அது இருக்கிறது.

ரண்டு தடவ கேட்டாச்சு, ஒருத்தரும் பதில் போடல. என்ன செய்யணும்?

பெரும்பாலும் கேட்ட விதத்தில்தான் சிக்கல் இருக்கும். "மட்டி கிடைக்குமா?" என்று இரண்டு சொற்கள் போட்டால், படிப்பவருக்கு நீங்கள் மட்டி வாழையின் பழம் கேட்கிறீர்களா, கன்று கேட்கிறீர்களா என்பதே தெரியாது. எந்த ஊர், எந்த வகை மண், வெயில் எவ்வளவு விழும், எத்தனை கன்று வேண்டும், எந்த நாளில் வந்து எடுத்துக்கொள்ள முடியும் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். களியக்காவிளையில் இருப்பவர் அஞ்சுகிராமத்துக்குக் கன்று கொண்டுவந்து தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் இடைவழியில் நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தில் கைமாற்றிக்கொள்ள ஒப்புக்கொள்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

காலமும் முக்கியம். நல்லமிளகுக் கொடியைச் சித்திரை வெயிலில் கேட்டால் யாரும் வெட்ட மாட்டார்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு கேளுங்கள். தாய்க்கொடியின் அடியில் தரையோடு ஓடும் கொடியே எளிதில் வேர்பிடிக்கும். பலர் அதை முன்கூட்டியே பையில் நட்டு வைத்திருப்பார்கள். சிறுகிழங்குக் கொடிக்கு ஆடி, ஆவணி. வாழைக்கன்றைப் பொறுத்தவரை, அகன்ற இலை விட்ட நீர்க்கன்றைத் தவிர்த்து, வாள்போல ஒடுங்கிய இலையோடு நிற்கும் ஈட்டிக்கன்றைக் கேட்டு வாங்குங்கள். அழகுக்காக அகன்ற இலைக் கன்றைக் கேட்டு வாங்கி ஏமாந்தவர்கள் பலர்.

நான் கேட்ட செடி வேற, வந்த செடி வேற. பேருல ஏன் இவ்வளவு குழப்பம்?

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. அதனால் மலையாளச் சொற்களும் கலந்து, விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் ஒரு பெயரும், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் இன்னொரு பெயரும் வழங்குவது சாதாரணம். மரச்சீனி என்பவரும் கப்பை என்பவரும் மரவள்ளி என்பவரும் ஒரே கிழங்கையே சொல்கிறார்கள். சக்கை என்றால் பலா என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். திருமணமாகி வெளிமாவட்டத்திலிருந்து வந்த பெண்களுக்குத் தெரியாது. அவர்கள் சக்கை என்ற சொல்லுக்குக் கரும்புச் சக்கை என்றே பொருள்கொண்டு குழம்பியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பெயரோடு படத்தையும் போடுங்கள். முழுச் செடி ஒன்று, இலையின் முன்புறமும் பின்புறமும், பூவோ காயோ இருந்தால் அதுவும். யாருடைய பெயர் சரி என்ற வாதத்தில் இறங்க வேண்டாம். உங்கள் அம்மை உங்களுக்குச் சொல்லித்தந்த பெயர் உங்களுக்குச் சரி, எதிரில் இருப்பவருக்கு அவர் அம்மை சொன்னது சரி. படம் இருந்தால் இருவருக்கும் ஒரே செடி கிடைக்கும்.

காலை வணக்கம் போட்டா ஏன் அழிச்சிடுறீங்க? ஒரு மரியாதைக்குத்தானே போடுறோம்?

மரியாதையை மறுப்பதற்காக அழிப்பதில்லை. ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் 1024 பேர் வரை சேரலாம். எங்கள் குழுவில் அதில் கால்பங்கினர்கூட இல்லை, அப்படியிருந்தும், எல்லோரும் நாளுக்கு ஒரு வணக்கம் அனுப்பினால், "என் தென்னைக் குருத்து காய்கிறது, என்ன செய்வது?" என்று பதறிக் கேட்டவரின் செய்தி பூப்படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். ஒருமுறை அப்படியே நடந்தது. மூன்று நாள் கழித்து ஒருவர் அந்தச் செய்தியைக் கண்டு பதில் எழுதியபோது, தென்னை கைவிட்டுப் போயிருந்தது.

அரசியல், மதம், சினிமா, மருத்துவக் குறிப்பு, இரங்கல் சுவரொட்டி, கோயில் கொடை அழைப்பு, ஆலயத் திருவிழா அழைப்பு எதுவும் இங்கே வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குழு செடியோடு நிற்பதால்தான், வெளியே ஒரே மேடையில் உட்கார மாட்டாதவர்கள் இங்கே ஒருவர் நட்ட கொடியைப் பற்றி மற்றவரிடம் அக்கறையோடு விசாரிக்கிறார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது சில நாள்கள் விட்டுப்பிடிக்கலாம் என்று பேசாமல் இருந்தேன். ஒரே வாரத்தில் 11 பேர் வெளியேறினார்கள். அவர்களில் நால்வரை நேரில் போய்ப் பார்த்து அழைத்துவந்தேன். மற்றவர்கள் வரவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

வாங்கிட்டு வந்த செடி பட்டுப்போச்சு. தந்தவங்ககிட்ட சொல்லணுமா? சொல்ல வெக்கமா இருக்கு.

சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் ஒதுங்கிப்போவதுதான் அவர்களுக்கு வருத்தம் தரும். செடி பட்டுப்போனதற்காக என்னை அழைத்துத் திட்டிய ஒருவரைக்கூட இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை. "எங்க வச்சிய? தண்ணி தேங்கிச்சா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மழைக்கு இன்னொரு கம்பு தருகிறேன் என்பார்கள்.

செடி பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இடமாற்றமே காரணமாக இருக்கிறது. மாவட்டம் சிறியதுதான், ஆனால் குலசேகரம், அருமனை போன்ற மலையடிவார ஊர்களின் மழையும் செம்மண்ணும் வேறு. குமரிமுனைப் பக்கத்து வறண்ட மண் வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு. கடலோர மணலும் உப்புக்காற்றும் வேறு. அருமனையில் முள்முருங்கையில் தானாகப் படர்ந்து கிடந்த நல்லமிளகு, அஞ்சுகிராமத்தில் நிழலும் ஈரப்பதமும் இல்லாமல் ஒரு மாதத்தில் கருகினால், அதில் வளர்த்தவரின் குற்றம் குறைவு. மூன்றாம் கேள்வியில் மண்ணையும் வெயிலையும் எழுதச் சொன்னது இதற்காகவே.

மணிபிளான்ட் களவாண்டு வச்சாத்தான் வளருமாமே? நன்றி சொன்னா பிடிக்காதுன்னும் சொல்றாங்க.

இரண்டும் பழைய நம்பிக்கைகள். நன்றி சொல்லாமல் இருப்பதில் யாருக்கும் நட்டமில்லை. அப்படி நம்புகிறவர்கள் புன்னகையோடு வாங்கிக்கொண்டு போகட்டும். களவு அப்படிப்பட்டதல்ல. மதிலுக்கு வெளியே தொங்கும் கொடிதானே என்று ஒடிக்கும்போது, அந்த வீட்டில் நீங்கள் பார்க்காத ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் அந்தக் கொடியின் இலைகளை எண்ணிக்கொண்டிருக்கலாம். கதவைத் தட்டிக் கேளுங்கள். மணிபிளான்ட் தண்ணீர்க் குப்பியில்கூட வேர் விடும் செடி. கேட்டு வாங்கியதும் அப்படியே வளரும்.

செடி எடுக்க ஒருத்தர் வீட்டுக்குப் போகும்போது என்ன கொண்டு போகணும்?

ஒரு சாக்கோ பழைய செய்தித்தாளோ, கட்டுவதற்குக் கயிறு, முடிந்தால் உங்கள் சொந்த மண்வெட்டி. கிளம்புவதற்கு முன் அழைத்துச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் அதையும் சொல்லுங்கள். கன்றைத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு மாலைவரை வாசலைப் பார்த்திருந்தவர்களின் ஏமாற்றத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அங்கே காப்பி தந்தால் குடியுங்கள். தனியாக இருக்கும் வயதானவர்கள் பலருக்கு, கன்று கேட்டு ஒருவர் வருவது அந்த வாரத்தின் பெரிய நிகழ்ச்சி. தோட்டம் முழுவதையும் சுற்றிக் காட்டாமல் விட மாட்டார்கள். அரைமணி நேரம் ஒதுக்க முடியாத நாளில் போகாதீர்கள்.

குழுவுல இருந்து நம்பர எடுத்து ராத்திரி மெசேஜ் அனுப்புறாங்க. யார்ட்ட சொல்ல?

எங்களிடம் சொல்லுங்கள், அன்றே நீக்கிவிடுவோம். குழுவில் சேர்ந்தால் உங்கள் எண்ணை மற்றவர்கள் பார்க்க முடியும் என்பதை நாங்கள் சேர்க்கும்போதே சொல்கிறோம். ஒரு பெண் செடிப் படம் போட்டதை, தனியே பேசுவதற்கான அழைப்பாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. செடி பற்றிய கேள்வியைக் குழுவிலேயே கேளுங்கள். தனியே கேட்டே ஆகவேண்டுமென்றால், முதலில் குழுவில் "அழைக்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள்.

"அவர் நல்ல மனிதர், தவறாக நினைத்து அனுப்பியிருக்க மாட்டார்" என்று பரிந்து பேசுபவர்கள் உண்டு. புகார் சொன்ன பெண்ணிடம் அந்தப் பரிந்துரையை நாங்கள் கொண்டுபோவதில்லை. நேரில் கன்று எடுக்கப் போகும் பெண்கள் துணையோடு போகலாம், அல்லது மூன்றாம் கேள்வியில் சொன்ன பேருந்து நிலையத்தில் வைத்து வாங்கிக்கொள்ளலாம். வீட்டு முகவரியைக் குழுவில் எழுத வேண்டாம். ஊர்ப் பெயர் போதும்.

எந்த ஊரு, எந்த ஆளுன்னு கேட்டா தப்பா? பேச்சுக்குத்தானே கேக்கிறேன்.

ஊரைக் கேளுங்கள், மண்ணுக்காகத் தேவைப்படுகிறது. ஆளை, அதாவது சாதியை, கேட்காதீர்கள். நம் பக்கத்தில் அந்தக் கேள்வி பேச்சோடு பேச்சாக வந்துவிடுகிறது என்பதும், கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த நொடியில் என்ன நினைக்கிறார் என்பதும் தெரியும். கன்று எடுக்கப் போன ஓர் இளைஞரிடம் முதலில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. பதிலுக்குப் பிறகு அவரை முற்றத்திலேயே நிறுத்தி, கன்றை நடைக்கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அவர் அதை எடுக்காமலே திரும்பிவந்து, குழுவில் ஒன்றும் சொல்லாமல், எனக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னார். அந்த வீட்டுக்காரரிடம் பேசினேன். அவர் செய்ததில் தவறில்லை என்றே வாதாடினார். இன்று அவர் குழுவில் இல்லை; அந்த இளைஞர் இருக்கிறார்.

நான் குடுத்த கன்றுல நோய் இருந்திருக்கு போல. அவங்க தோட்டத்துக்கே பரவியிருச்சு. இப்ப என்ன செய்ய?

இந்தக் கேள்வியைத் தொலைபேசியில் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார்கள். நானே இதைச் செய்தவள் என்பதால் விரிவாக எழுதுகிறேன். 2020இல் என் வீட்டு மட்டி வாழையின் கன்றுகளை ஐந்து பேருக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒருவர் படம் அனுப்பினார்: புதிய இலைகள் ஒடுங்கி, நிமிர்ந்து, நுனியில் ஒரு கொத்தாகக் குவிந்திருந்தன. இலைக்காம்பை உற்றுப் பார்க்கச் சொன்னேன். கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக இருப்பதாகச் சொன்னார். அது முடிக்கொத்து நோய். நச்சுயிரியால் வருவது, அசுவினிப் பூச்சியாலும் கன்றாலும் பரவுவது, குணப்படுத்த மருந்தில்லாதது. வெளியே அறிகுறி தெரிவதற்கு முன்பே கன்றுக்குள் இருக்கக்கூடியது. என் தாய்வாழையைப் போய்ப் பார்த்தேன். கொடுக்கும்போது நன்றாக இருந்த மரத்தின் பக்கக் கன்று, அதேபோலக் குவிந்து நின்றது.

செய்ய வேண்டியது இது. முதலில், அன்றே, வாங்கிய ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்லுங்கள், குழுவிலும் எழுதுங்கள். நோயுற்ற வாழையை வெட்டுவதற்கு முன் அதிலுள்ள அசுவினியை மருந்து தெளித்து அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய உடனே பூச்சிகள் பக்கத்து வாழைக்குப் போய்விடும். பிறகு கிழங்கோடு தோண்டியெடுத்துத் துண்டாக்கி அழித்துவிட வேண்டும். ஒரு பக்கக் கன்றைக்கூட இரக்கப்பட்டு விடக்கூடாது. மரச்சீனியிலும் இப்படியே. இலையில் மஞ்சள் திட்டுகளோடு சுருங்கி நெளிந்திருந்தால் அது தேமல் நோய். வெள்ளை ஈயாலும், வெட்டி நடும் கம்பாலும் பரவும். அந்தச் செடியிலிருந்து கம்பு வெட்டிக் கொடுக்காதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருப்பது நமக்கு அருகாமை. கம்பு புதிதாக வேண்டுமென்றால் அங்கே விசாரிக்கலாம்.

அந்த ஐந்து வீடுகளுக்கும் நான் நேரில் போனேன். நான்கு பேர் ஆறுதல் சொன்னார்கள். ஒருவர், விற்பனைக்காக நட்டிருந்த 40 ஏத்தன் வாழைக்கும் நோய் பரவிவிட்டதைக் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றார். இழப்புக்குப் பணம் தர முயன்றேன், வாங்கவில்லை. அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் என் கணவரும் நானும் அங்கே போய்க் கிழங்கு தோண்டினோம். அதன் பிறகுதான் குழுவில் ஒரு விதி வந்தது: வாழைக்கன்று தருபவர் தாய்மரத்தின் நுனியையும் இலைக்காம்பையும் அன்றைக்கே படமெடுத்துப் போட வேண்டும், வாங்குபவர் இரண்டு மாதம்வரை அதை மற்ற வாழைகளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

இலவசமா குடுத்த கன்ன ஒருத்தர் வளத்து விக்கிறார். கேக்கலாமா?

நீங்கள் கொடுத்த கன்றையே மறுநாள் விற்றால் அது ஏமாற்று, எங்களிடம் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு வளர்த்து, அதிலிருந்து உண்டாக்கிய கன்றுகளை விற்றால் அதில் அவருடைய உழைப்பு இருக்கிறது. நான் அதைக் குற்றமாக எண்ணவில்லை. உடன் நடத்துபவர்களில் ஒருவர் எண்ணுகிறார். இதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. விற்பவரும் குழுவில் கேட்பவருக்கு ஒரு கன்றை இலவசமாகத் தர வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போகிறோம்.

2023இல் கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வெளிமாவட்டங்களிலிருந்து மட்டிக் கன்று கேட்டுப் பலர் வருகிறார்கள். இனிமேல் கன்று கொடுக்கலாமா என்று சிலர் பயந்து கேட்டார்கள். அந்தக் குறியீடு வணிகத்தில் அந்தப் பெயரைப் பயன்படுத்துவது பற்றியது. வீட்டுக் கன்றை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதற்கு அது தடையல்ல. தொலைவுக்குக் கொடுக்கும்போது நோய் பற்றி முந்தைய பதிலில் எழுதியதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

ஆகாயத்தாமரைப் பூ அழகா இருக்கே, ஏன் தரக்கூடாதுன்னு சொல்றிய? காட்டுல இருக்கிற ஆர்க்கிட் எடுத்தா என்ன?

ஆகாயத்தாமரை தொட்டியோடு நிற்பதில்லை. கழுவி ஊற்றிய தண்ணீரில் ஒரு துண்டு ஓடைக்குப் போனால் போதும், குளத்தை மூடிவிடும். நம் மாவட்டத்துச் சுசீந்திரம்-தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. அந்த நீரில் பச்சைப் போர்வை படர்ந்தால் பறவைகளுக்கு இறங்க இடமிருக்காது. பூவுக்காகக் கேட்பவர்களுக்கு அல்லியும் தாமரையும் தருகிறோம்.

காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் ஓர் இலையைக்கூடத் தொட வேண்டாம். காட்டில் எடுத்த செடியின் படம் குழுவில் வந்தால் அழித்துவிடுவோம்.

எந்நேரமும் போனும் கையுமா இருக்கான்னு வீட்டுல பேசுறாங்க. பக்கத்து வீட்டுக்காரியும், யாருக்கெல்லாமோ குடுக்கிற, எனக்குத் தந்தியான்னு கேட்டுட்டா.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது நியாயம். எனக்கும் அது நடந்தது. கடையாலுமூட்டுக்குக் கன்று அனுப்பிய நான், மதிலுக்கு அப்பால் இருப்பவரிடம் ஒரு வருடமாக முகம்கொடுத்துப் பேசியிருக்கவில்லை. எல்லைக் கல் பற்றி ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. குழுவில் முன்பின் தெரியாதவரிடம் இனிமையாக இருப்பது எளிது. அவருடைய ஓலை உங்கள் முற்றத்தில் விழுவதில்லை. நான் ஒரு சட்டி கறிவேப்பிலைக் கன்றை எடுத்துக்கொண்டு போனேன். எல்லைக் கல் சிக்கல் தீரவில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் வீட்டுக் கோழி என் கீரையைக் கிளறினால் இப்போது நேரடியாகப் பேசிக்கொள்கிறோம்.

வீட்டில் பேசுவதற்கு, வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மாமியாருக்கு எழுதப் படிக்க வராது. இந்தக் குழுவை அவர் ஒரு தொல்லையாகவே பார்த்தார். ஒருநாள் சிறுகிழங்கு நடுவது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்ததை வாசித்துக் காட்டினேன். கிழங்கைப் பாவி முளைக்கவைத்து, கொடி நீண்டதும் நுனியைக் கிள்ளி நட வேண்டும், மார்கழி தையில் தோண்டலாம், தோலைச் சீவக் கூடாது, சாக்கில் போட்டுத் தேய்த்தெடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனதைக் குரல்பதிவாக அனுப்பினேன். மறுநாள் காலையில் எழுந்ததும், "அவியளுக்கு விளங்கிச்சா, கேளு" என்றார். இன்று குழுவில் பாட்டியம்மையின் பதிவுக்காகக் காத்திருப்பவர்கள் அதிகம்.

ஒருத்தர் இறந்துபோனா, அவர் நம்பர குழுவுல இருந்து எடுத்திருவியளா?

எடுப்பதில்லை. இரங்கல் சுவரொட்டி வேண்டாம் என்று முன்பு எழுதினேன். அது வெளியார் பற்றியது. எங்களில் ஒருவர் இறந்தால், அவரிடமிருந்து வாங்கிய செடி இன்று எப்படி நிற்கிறது என்று ஒவ்வொருவரும் படம் எடுத்துப் போடுகிறோம். வேறு சொற்கள் வேண்டியதில்லை என்பது நாங்கள் பேசிவைக்காமல் வந்த வழக்கம்.

முதல் பதிலில் சொன்ன பால்வெட்டும் பெரியவர் 2024இல் இறந்தார். அன்று 23 வீடுகளிலிருந்து சீமைச்சக்கைப் படங்கள் வந்தன. சில இடுப்பளவு, சில கூரையைத் தாண்டியவை. அடுத்த ஆண்டு அவர் மகள் என்னை அழைத்தார். தம்பிக்கு வீடு கட்டுவதற்காக அப்பாவின் மரத்தை வெட்ட வேண்டி வந்துவிட்டது, உங்கள் மரத்திலிருந்து ஒரு கன்று கிடைக்குமா என்று கேட்டார். கிணற்றடியில் தரையோடு ஓடிய வேரில் முன்பே ஒரு முளை எழுந்திருந்தது. ஆனி மாதம் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மதியத்துக்கு மேல்தான் வந்தார், அவருக்கும் காலையில் பால்வெட்டு. வேரின் இருபுறமும் ஒரு சாண் விட்டு வெட்டி, மண் உதிராமல் ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தேன். பையன் அதை மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் போனான்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மாலையில், குழுவில் அந்தப் பெரியவர் பெயரில் ஒரு செய்தி வந்தது. அவருடைய தொலைபேசியை இப்போது மகள் வைத்திருக்கிறார். புதிய வீட்டுச் சுவரை ஒட்டி, ஓலை நிழலில் நிற்கும் கன்றின் படம். கீழே, "பிடிச்சாச்சு, ரண்டு இலை வந்திருக்கு" என்று எழுதியிருந்தது.